பழைய காரை செப்பாங்குக்குக் கொண்டுபோகும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெடுஞ்சாலையில் நள்ளிரவுப் பந்தயம் என்று செய்தி வரும்போதெல்லாம் ஆளாளுக்குச் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "வேகம் வேண்டுமென்றால் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகட்டும்." நல்ல யோசனை. ஷா ஆலமில் இருந்த பத்து தீகா பந்தயத் தடம் இடிபட்டு வீடுகளாகிவிட்ட பிறகு கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் முழு நீளத் தடமும் அதுதான். ஆனால் போகச் சொல்கிறவர்கள் எதில் போவது என்று யோசிப்பதில்லை. நம் பையன்கள் கையில் இருப்பது அப்பா ஓட்டிக் கொடுத்த புரோட்டோன் வீரா, அண்ணன் கைமாற்றிய சத்ரியா, எத்தனையாவது கையோ தெரியாத சிவிக், இல்லையென்றால் ஒரு சின்ன பெரோடுவா கான்சில். கடைசி வீரா ஆலையிலிருந்து வெளிவந்ததே 2009-இல். அதற்குள் இருக்கும் ஹோஸ், சீல், புஷ் எல்லாவற்றுக்கும் காரின் வயதுதான். சாலையில் அந்த வயது தெரியாது. தடத்தில் மூன்றாவது சுற்றில் தெரிந்துவிடும்.

டிராக் டே, அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டும் நாள், என்றதும் பட்டறைக்கு வரும் கோரிக்கைகள் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், ஸ்போர்ட் ரிம் என்ற வரிசையில்தான் வருகின்றன. செலவழிக்கும் முதல் வெள்ளி (ரிங்கிட்) பிரேக்குக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கட்சி. காரணம் கணக்கில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் விழுங்கும் ஆற்றல் ஏறக்குறைய 140 கிலோஜூல். அதே கார் 150-இலிருந்து 70-க்கு இறங்கினால் 680 கிலோஜூல். நிற்கக்கூட இல்லை, அதற்குள் ஐந்து மடங்கு. செப்பாங் சுற்று ஒன்றின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. பின்பக்க நேர்த்தடத்தின் முடிவில் 15ஆம் வளைவு, அங்கிருந்து முன்பக்க நேர்த்தடம், அதன் முடிவில் முதல் வளைவு. அதாவது தடத்தின் மிகப் பெரிய இரண்டு பிரேக்குகளும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் சூடு ஆறுவதற்குள் இரண்டாவது ஏறிக்கொள்ளும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க் இரண்டுக்கும்தான் போகிறது.

பிரேக் கைவிடுவதில் இரண்டு விதம் உண்டு. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். மிதி கல்லாக இறுகியிருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேட் தன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது. மிதி பஞ்சுபோல் தரைவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்துவிட்டது. முதலாவது வரும்முன் கொஞ்சம் முன்னறிவிப்பு கொடுக்கும். இரண்டாவது கொடுக்காது. மிதியை விரைவாக இரண்டு மூன்று முறை குத்தினால் ஓரளவு அழுத்தம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து பிட்டுக்குள் (தடத்தோரம் காரை நிறுத்தும் இடம்) வந்துவிட வேண்டும், இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். நம் ஊர் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக்குறியீடு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, பிறகு 155. டாட் 5.1 என்றால் 260, பிறகு 180. ஐந்து வருடமாக மாற்றாத டாட் 3 எண்ணெயோடு முதல் வளைவுக்குப் போகிறவர் எந்த எண்ணை நம்பிப் போகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 4 அல்லது 5.1 போதும். டாட் 5 என்று மட்டும் எழுதிய சிலிக்கான் ஆயிலைத் தொட வேண்டாம், மற்றவற்றோடு கலக்காது. ஒரு லிட்டர் வாங்கினால் நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும் வரை விடலாம். திறந்து வைத்த பழைய புட்டி வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

மாற்றும்போது நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். உதவிக்கு உட்கார்ந்தவர் மிதியைத் தரைவரை மிதிப்பார். பழைய காரில், மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப்புக்குள் தினமும் பிஸ்டன் போய்வரும் பகுதிதான் வழுவழுப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் கசடும். சீல் அங்கே உரசிக் கிழிந்துவிடும். மறுநாள் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கும், புது ஆயில் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோம். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. அதோடு, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரின் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். அந்தப் பின் இறுகியிருந்தால் உள்பக்க பேட் மட்டும் தேயும், ஒரு சக்கரம் மட்டும் வேகும். ரப்பர் பிரேக் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மேல்தோலில் கீறல் தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

பேட் விஷயத்தில் ஆசைப்பட்டு முழுப் பந்தய பேட் வாங்க வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும். திரும்பி வரும் வழியில் மழையில் டோல் சாவடிக்கு முன் பிரேக் போடும்போது அது சூடாக இருக்காது. சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான நடுத்தர பேட் போதும், தேயும் பாகம் பாதிக்குமேல் இருக்க வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். புது பேட் போட்ட கையோடு தடத்துக்குப் போகவும் கூடாது: காலி சாலையில் 80-இலிருந்து 20 வரை பத்து முறை, முழுக்க நிற்காமல் இறக்கிவிட்டு, பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும்.

அடுத்தது சூடு. ரேடியேட்டர் மூடி பத்துப் பதினைந்து வெள்ளிச் சாமான் என்று யாரும் பார்ப்பதில்லை. மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால், அந்த அழுத்தத்தைத் தாங்கும்வரை வெறும் தண்ணீர்கூட 118 பாகை சுமாருக்குத்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் செத்துவிட்டால் 100-லேயே கொதித்து வெளியே கொட்டும். ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பு பிளாஸ்டிக்காக இருந்து, நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டதென்றால் அது வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேல், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். சின்னதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் கார் சூடாகாது என்பது நம் ஊர் வைத்தியம். பல போமேன்களே (பட்டறை மெக்கானிக்குகளே) சொல்வார்கள். அது சூட்டைக் குறைக்கும் வழி அல்ல, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டிருப்பதை மறைக்கும் வழி. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலும் சூடாகாது. புது தெர்மோஸ்டாட்டைப் போட்டு ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதுதான் வேலை. டேஷ்போர்டு ஊசியையும் முழுக்க நம்ப வேண்டாம். பல கார்களில் ஊசி நடுவில் ஒட்டிக்கொண்டே இருக்கும், ஏறத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நின்று, ஊசி கீழே இறங்குவதும் உண்டு. தனி மீட்டர் ஒன்று பொருத்துவது எக்ஸாஸ்ட்டைவிட உருப்படியான செலவு.

இன்ஜின் ஆயில் 10டபிள்யூ-40 முழு சிந்தெடிக், தடத்துக்கு முந்தைய வாரம் மாற்றியது, குச்சியில் மேல்கோடு வரை. மேல்கோட்டுக்குக் கீழே அரை லிட்டர் குறைந்தால் சாலையில் ஒன்றும் ஆகாது. செப்பாங்கின் 5, 6 வளைவுகளில் ஆகும். அவை இரண்டும் நீண்ட, வேகமான வளைவுகள். ஒரே பக்கமாகச் சில விநாடிகள் சாய்ந்து போகும்போது சம்ப்பிலுள்ள (இன்ஜினின் அடித்தொட்டி) ஆயில் சுவரேறிக்கொள்ள, உறிஞ்சுகுழாய் காற்றை உறிஞ்சும். ஆயில் விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தாலும் அது பேரிங்கின் உயிர் போய்க்கொண்டிருப்பதற்கு அடையாளம். அதற்காகக் கோட்டுக்கு மேலேயும் ஊற்றாதீர்கள், சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிடும். பெட்ரோலுக்கும் இதே கதைதான். தொட்டி பாதிக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் இன்ஜின் திக்கும். சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் தடத்தில் 4 கொடுத்தால் அதிகம்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள், கூடவே டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும். ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. பழைய ஆட்டோ கியர் காரைக் கொண்டுபோவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

தீ பற்றி யாரும் பேசுவதில்லை. வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டும் ஆயில் சாலையில் வெறும் புகை நாற்றம். தடத்தில் மேனிஃபோல்ட் செந்நிறமாகச் சூடேறும். அதைவிட மோசம் இன்ஜின் அறைக்குள் இருக்கும் பழைய பெட்ரோல் ஹோஸ். இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு இன்ஜெக்‌ஷன் அழுத்தம் தாங்கும் ஹோஸும் அதற்குரிய கிளிப்பும் போட வேண்டும். கார்புரேட்டர் ஹோஸை மாட்டி இறுக்கினால் சில மாதம்தான் தாங்கும். ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில், போல்ட் போட்டு. கேபிள் டையில் தொங்கும் தீயணைப்பான் மோதினால் எறிகல்லாகும்.

காரைத் தூக்கியபின் பார்க்க வேண்டியவை: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும்; இடமும் வலமும் ஆட்டினால் டை ராட். டிரைவ் ஷாஃப்ட் பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருந்தால் அதிலிருந்து தெறிக்கும் கிரீஸ் நேரே பிரேக்கில்தான் போய் உட்காரும். அப்சார்பர் ஒழுகுகிறதா, பேட்டரியைப் பிடிக்கும் கம்பி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதிப் பழைய கார்களில் அந்தக் கம்பி எப்போதோ காணாமல் போயிருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் பூ அழியாமல் இருந்தாலும் வேண்டாம், பூ இருந்து என்ன பயன், ரப்பர் கல்லாகியிருக்கும். காற்றைச் சாலைக்கு வைப்பதைவிட 4 பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்குங்கள். சில சுற்றுகளில் அது 6 முதல் 8 வரை ஏறும். பிட்டுக்குள் வந்தவுடன், ஆறுவதற்குமுன், அளந்து 34, 36-க்குள் கொண்டுவாருங்கள். டயர் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பினால் டயர் எவ்வளவு மடங்குகிறது என்று அதுவே சொல்லும். சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெரும்பாலும் 90 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் கையேட்டு எண்ணே முடிவு. முதல் ஓட்டத்துக்குப் பின் சக்கரம் ஆறியதும் மறுபடி பார்க்க வேண்டும். காருக்குள் கிடக்கும் தரைவிரிப்பு, தண்ணீர்ப் புட்டி, டோலுக்கான டச் அண்ட் கோ அட்டை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒரு புட்டி உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போனால் மேலே சொன்ன வேலை அத்தனையும் வீண்.

அன்று ஓட்டும் முறை: சூடேற்ற ஒரு சுற்று, வேகமாக இரண்டு, அதிகம் போனால் மூன்று, பிறகு பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஆற ஒரு முழுச் சுற்று. ஐந்து சுற்று என்றாலே ஏறக்குறைய 28 கிலோமீட்டர். உள்ளே வந்து நிறுத்தியபின் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பின்னால் டிரம் உள்ள கார்களில் சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். டிஸ்க் என்றால் பேட் ஒட்டியிருந்த இடத்தில் தடம் பதிந்து பிறகு மிதி அதிரும். பிற்பகல் இடிமழை வந்தால் முதல் பத்து நிமிடம் உள்ளே போகாமல் இருப்பது கோழைத்தனமல்ல, காய்ந்த ரப்பர்த்தூள் நனையும் நேரம் அது.

காப்புறுதி பற்றிப் பெற்றோர்கள் கேட்க வேண்டும். நம் நாட்டு வழக்கமான மோட்டார் காப்புறுதியில் பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கப்பட்டவை. தடத்தில் சுவரில் மோதினால் பழுதுச் செலவு உங்கள் பாக்கெட்டில் இருந்துதான். கையெழுத்துப் போடும் பொறுப்பு விலக்குப் படிவத்தையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அமெச்சூர் நாள்களில் நுழைவுப் பரிசோதனை பெரும்பாலும் ஹெல்மெட், இழுவைக் கொக்கி, கசிவு என்று நின்றுவிடுகிறது. பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு மட்டுமாவது பிரேக் ஆயில் மாற்றிய தேதி, டயர் வாரம் இரண்டையும் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். கேட்டால்தான் பையன் போய்ப் பார்ப்பான்.

மாலையில் கிளம்பும் முன், குறைத்த காற்றைத் திரும்ப ஏற்றி, ஆயில் குச்சியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, நட்டுகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள். அந்த வாரத்துக்குள் பிரேக் ஆயிலை மறுபடி மாற்றிவிடுங்கள், ஒருமுறை கொதித்தது கொதித்ததுதான்.

இப்படிக்கு,
பட்டறை நண்பர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்