கிணற்றையும் கணக்கில் எடுங்கள்

இலங்கைப் பசுமைக் கட்டட மன்றத்தினருக்கு,

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் கரையோர விடுதிகள் பசுமைச் சான்றிதழை நாடுவது நல்லதே; ஆனால் அச்சான்றிதழ் எதை அளக்கிறது என்பதே என் கவலை.

நிலாவெளி வரை நீளும் மணற்றரையில் மழைநீர், தன்னிலும் கனமான கடல்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கிறது. நன்னீரின் மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 மீற்றர் உயரும் என்பது நீரியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. இங்கோ நன்னீர்ப் படை அவ்வளவு தடிப்பானதே அல்ல என்பதால், கச்சான் காற்று வீசும் வரட்சி மாதங்களில் சில அங்குல இறக்கமே கிணற்றைக் கெடுக்கப் போதும். என் தாயார் எழுபது ஆண்டுகள் குடித்த கிணற்றுநீர் இப்போது ஆவணியில் உப்புக் கரிக்கிறது. தண்ணீர் பவுசர் வண்டி வரும்வரை காத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் உருவான லீட் (LEED) என்னும் பசுமைக் கட்டடத் தரப்படுத்தல் முறை, உள்ளக நீர்ப்பாவனையைக் குழாய்களின் பொதுத் தரத்தோடு ஒப்பிட்டுச் சேமிப்பைச் சதவீதமாகக் கணிக்கிறது. அந்த நீர் எந்த நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அச்சதவீதத்தில் தெரியாது. அதன் நான்காம் பதிப்பில் (v4) அதியுயர் பிளாட்டினம் தரத்துக்கு 80 புள்ளிகள் போதுமாயிருந்தன. அப்பதிப்பில் பிராந்தியத் தேவைகளுக்கென ஒதுக்கியவை 110இல் 4 மட்டுமே.

எரிசக்தியிலும் இதே குறை உண்டு. புதிய கட்டடத்துக்கான புள்ளிகள், பெரும்பாலும் குடிபுகுமுன் கணினியில் போடும் மதிப்பீட்டில் தங்கியுள்ளன. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோன் ஸ்கோஃபீல்ட் நியூயோர்க் அலுவலகக் கட்டடங்களின் உண்மைப் பாவனையை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், லீட் பெற்றவை சராசரியாக மற்றவற்றைவிடக் குறைவான எரிசக்தியைச் செலவிடவில்லை. பிளாட்டினத்துக்கு அடுத்ததான தங்கத் தரத்தவை மட்டும் மேம்பட்டிருந்தன. சான்றிதழே பயனற்றது என்று நான் வாதிடவில்லை. தாழ்வாரமும் ஓட்டுக்கூரையும் வைத்த எங்கள் பழைய வீடுகளின் குளிர்ச்சியை, கண்ணாடிச் சுவருக்குள் குளிரூட்டி பூட்டிய கட்டடம் புள்ளிகளால் மிஞ்சிவிடக்கூடாது என்றே கேட்கிறேன்.

ஆகவே உங்கள் கிரீன்எஸ்எல் தரப்படுத்தலில், இறுதிச் சான்றிதழை இரண்டு ஆண்டு மின்பட்டியல்களைப் பார்த்த பின்னரே வழங்குங்கள். கரையோரக் கட்டடங்கள் நாளாந்தம் இறைக்கும் நீரின் அளவையும், அயற்கிணறுகளின் உவர்த்தன்மையையும் சித்திரையிலும் புரட்டாதியிலும் அளந்து பகிரங்கப்படுத்துங்கள். கிணறு கெட்டால் சான்றிதழை மீளப்பெறுங்கள். வரும் புரட்டாதியில் உங்கள் மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்பிவைத்தால், எங்கள் ஒழுங்கையின் கிணறுகளை ஒவ்வொன்றாகக் காட்ட நான் கூடவே வருவேன்.

இப்படிக்கு,
உப்புவெளிவாசி ஒருவர்