ரோட்டர்டாமில் ஒரு தூக்குப்பாலம்

ரோட்டர்டாம்,
9.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வருகிற 20ஆம் தேதி அப்பாவுக்கு வருஷப் பூசை. வேர்க்காட்டுக் கோயிலில் சொல்லிவைத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். என்னால் வர முடியாது. லீவு இல்லை என்பது பாதிக் காரணம், டிக்கெட் விலை மீதிக் காரணம். இதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படி.

இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர்கூடப் பழகிவிட்டது. காற்றுக்குத்தான் பழக மாட்டேன் போலிருக்கிறது. ஆற்றுப் பாலத்தின் மேல் வந்தால் சைக்கிளை மிதிக்கவே முடியாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அப்போதெல்லாம் அப்பாவின் ஐம்பத்தெட்டு ஞாபகத்துக்கு வரும். பாம்பன் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். நம் வீட்டிலும் அதுதானே சட்டம்! தென்னை மட்டை ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே "ஐம்பத்தெட்டு தாண்டிருச்சு, எவனும் வெளிய போகக்கூடாது" என்பாரே. உன் பேரனுக்கும் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் மொபைலில் காற்று வேகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, 61. இன்னைக்குத் தாத்தா ரயில விடமாட்டாரு" என்கிறான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான், வேறென்ன.

2019 ஜூனில் அப்பா இங்கே வந்திருந்த மூன்று வாரத்தைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. ஊருக்கு வந்து அவர் சொன்னதெல்லாம் மீன் கதைதான் என்று தெரியும். ஹெரிங் மீனை வெங்காயத்தோடு அப்படியே பச்சையாக வாயில் போடுகிறார்களே என்று தங்கச்சிமடம் முழுக்கச் சிரித்தாராமே. (அவரும் இரண்டு தின்றார். அதைச் சொல்லியிருக்க மாட்டார்.)

என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய ரயில் பாலம் இருக்கிறது. 'ஹெஃப்' என்பார்கள். 1927இல் கட்டியது. இரண்டு பக்கமும் உயரமான இரும்புக் கோபுரம், நடுத்துண்டு மட்டும் லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும். அந்தத் துண்டு இப்போது எப்போதும் மேலேயேதான் நிற்கிறது. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "எத்தன மணிக்கு ரயிலு?" என்றார். 1993லேயே நின்றுவிட்டது, இப்போது ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது என்றேன். "அப்புறம் ஏன் இன்னும் பிரிக்கல?" ஊர் ஜனங்கள் விடவில்லை அப்பா, இடிக்கக்கூடாது என்று சண்டை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு யூரோ காசை எடுத்து, தூணடியில் எட்டிய இடத்தில் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்லா வச்சிருக்கானுங்க" என்றார்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். தனுஷ்கோடி தாத்தாவைப் பற்றி. நமக்குத் தெரிந்ததெல்லாம் 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல், தாத்தா போர்ட்டர் வேலையில் இருந்தார், உடம்புகூடக் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே? கிறிஸ்துமஸுக்காக அப்பத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே தங்கச்சிமடம் வந்துவிட்டதால்தான் அப்பா பிழைத்தார். அந்த ராத்திரி ஒரு பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தில் கர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், பெரும்பாலும் வரிசையாகப் போய்விட்டன, தூக்குப்பாலம் தப்பித்து நின்றது.

நமக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. பாலத்தைச் சரிசெய்ய ஸ்ரீதரன் என்று ஒரு இளம் இன்ஜினியர் வந்தார், பின்னாளில் டெல்லி மெட்ரோ போட்டவர். 46 நாளில் முடித்துவிட்டார்கள். அந்த 46 நாளும் பதினாலு வயது அப்பா அங்கே டீ வாளி தூக்கியிருக்கிறார். எதற்குத் தெரியுமா? கடலுக்குள் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். "இரும்பையே எடுக்கிறானுங்க, எங்கப்பன எடுக்க மாட்டானுங்களான்னு போனேன்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஹெஃபைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அம்மா, இதை உன்னிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் நல்லது. சொல்லாமல் விட்டிருந்தால், பூசைக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. பாம்பன் பாலத்திலேயே போய், தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற கீமேன் வேலைக்குச் சேர்ந்தது, பிரமோஷன் வந்தும் மதுரைக்கு மாற மாட்டேன் என்று நின்றது, நீ அதற்காக ஒரு மாசம் பேசாமல் இருந்தது, எல்லாம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

2022இல் இந்த ஹெஃபுக்கு ஒரு சோதனை வந்தது. அமேசான் அதிபர் பெசோஸுக்காக இங்கே பக்கத்தில் கட்டிய பாய்மரக் கப்பல் ரொம்ப உயரம், கடலுக்குப் போக வழியில்லை, நடுத்துண்டைக் கழற்றி வழி விடுங்கள் என்று கேட்டார்கள். ஊரே கொந்தளித்தது, கப்பல்மேல் அழுகிய முட்டை எறிவோம் என்றார்கள். கடைசியில் கழற்றவில்லை. போனில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அதே வருஷம் டிசம்பரில் நம் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். அப்போது எதுவும் பேசவில்லை. புதுப்பாலம் இந்த ஹெஃப் மாதிரியே நேராகத் தூக்குகிற பாலம். முந்தியெல்லாம் ஆள் நின்று கையால் தள்ளித் திறந்தது, இனிமேல் மோட்டார். போன ஏப்ரலில் திறந்தார்கள், அவர்தான் இல்லை. நீ இன்னும் அதில் ஏறவில்லை என்று தம்பி சொன்னான். ஏற வேண்டாம் என்றால் விடு.

உன் பேரன் சாப்பாட்டு ஸ்பூனால் வீட்டு ஹீட்டர் குழாயைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். மேல்வீட்டுக்காரம்மா ஒருமுறை இறங்கி வந்து புகார் சொல்லிவிட்டாள். தாத்தா சொல்லிக்கொடுத்ததாம்: இறுக்கமாக இருந்தால் 'டங்', தளர்ந்திருந்தால் 'டொக்'. மூன்று வயதில் கேட்டதை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறானோ!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "நல்லாத்தான் இருக்கேன்" என்றாயே, அது எனக்கு 'டொக்' என்று கேட்டது. நான் கீமேன் மகள். முழங்காலா, சர்க்கரையா, இல்லை ராத்திரி தூக்கம் வரவில்லையா? தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லவில்லை. எனக்கு மட்டும் எழுது.

அப்பாவின் சுத்தியல் கொல்லைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். துருப்பிடித்திருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி வை. அடுத்த மே மாதம் வரும்போது பேரன் கேட்பான்.

உன் மகள்