வாடகை விளம்பரங்களில் இன நிபந்தனையைத் தடை செய்யுங்கள்: பினாங்கிலிருந்து ஒரு பட்டமேற்படிப்பு மாணவியின் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் அவர்களுக்கும், வாடகைக் குடியிருப்புச் சட்டத்தை வரையும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நுண்ணுயிரியலில் முதுகலை ஆய்வு செய்வதற்காகச் சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குத் தீவுக்கு வந்த மலேசியத் தமிழ்ப் பெண் நான். இந்நாட்டில் வாடகை வீடு தேடுகிறவரிடம் வேலை என்ன, வருமானம் எவ்வளவு என்பதற்கெல்லாம் முன்பாக இனம் என்ன என்று கேட்கப்படுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாளிதழ்கள் அதைப் பலமுறை எழுதிவிட்டன. பாதிக்கப்பட்டவர்கள் பலமுறை பேசிவிட்டார்கள். வாடகைக் குடியிருப்புக்கென்று தனிச் சட்டம் வரும் என்ற பேச்சையும் நாங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகிறோம். ஆகவே பழைய கதையைத் திரும்பச் சொல்லாமல் என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அந்தச் சட்டத்தில், வாடகை விளம்பரங்களில் இனத்தைக் குறிப்பிடுவதையும், இனத்தைக் காரணமாகக் கொண்டு வீடு மறுப்பதையும் வெளிப்படையாகத் தடை செய்யும் ஒரு பிரிவு இடம்பெற வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இம்மடலை இப்போது எழுதத் தூண்டியது சென்ற மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி. சுங்கை டுவாவில், பல்கலைக்கழக வாயிலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஓர் அடுக்குமாடி வீடு வாடகைக்கு வந்தது. என் ஆய்வகத்தில் பயிலும் மலாய்த் தோழி ஒருவரும் நானும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். விளம்பரத்தில் இன நிபந்தனை எதுவும் இல்லை. முகவர் வீட்டைச் சுற்றிக் காட்டினார், எங்கள் படிப்பைப் பற்றி அன்பாக விசாரித்தார், முன்பதிவுப் பணத்தையும் பெற்றுக்கொண்டார். ஒப்பந்தம் தயாரிப்பதற்காக எங்கள் இருவருடைய அடையாள அட்டை நகல்களையும் அனுப்பிவைத்தோம். மறுநாள் பணம் என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. உரிமையாளர் இந்தியர்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்ற செய்தியும் கூடவே வந்தது.

அத்தோடு நின்றிருந்தால் இதுவும் நாங்கள் கேட்டுப் பழகிய மறுப்புகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் முகவர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து ஒரு வழி சொன்னார். ஒப்பந்தத்தில் தோழி மட்டும் கையெழுத்திடட்டும். நான் சத்தமில்லாமல் குடிவந்துவிடலாம். உரிமையாளர் வீட்டைப் பார்க்க வரும் நாள்களில் மட்டும் என் பொருள்களை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். இதைச் சொன்னவர் எங்கள்மேல் எந்தக் கெட்ட எண்ணமும் கொண்டவர் அல்லர். எனக்கு உதவ வேண்டும் என்ற கனிவோடுதான் சொன்னார். அந்தக் கனிவே என்னை மிகவும் வருத்துகிறது. வாடகையில் பாதியைக் கொடுத்துக்கொண்டே, சொந்த நாட்டில், சாமி விளக்கை அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு ஒருவர் தெருவில் போய் நிற்பது ஒரு நல்ல மனிதருக்குக்கூட இயல்பான ஏற்பாடாகத் தோன்றும் அளவுக்கு நாம் இதற்குப் பழகிவிட்டோம்.

நான் அதற்கு உடன்படவில்லை. மானம் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவருக்கு வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும் உரிமை இருக்காது, முகவரிக்குச் சான்று இருக்காது, திடீரென்று வெளியேறச் சொன்னால் எதைக் காட்டி வாதாடுவது என்றும் தெரியாது. என் தோழி பிறகு வேறோரிடத்தில் தனியாக அறை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பருவம் தொடங்கிவிட்ட பிறகு அவரும்தான் எங்கே போவார்?

நான் இப்போது கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் சித்தியின் வீட்டில் இருக்கிறேன். அங்கே அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஆய்வு மாணவி ஒருத்திக்கு இருப்பிடம் எவ்வளவு முக்கியம் என்பதை, ஆய்வகத்தில் நேரம் செலவிட்டிராதவர்கள் எளிதில் உணர முடியாது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பாக்டீரியா எப்படி வளர்கிறது என்பதை வரைபடமாக எடுக்க வேண்டுமானால், வளர்ப்புக் கரைசலின் கலங்கலை ஒளிமானியில் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்க வேண்டும். மெதுவாக வளரும் வகையாக இருந்தால் அந்த வேலை நள்ளிரவைத் தாண்டி விடியும்வரை நீளும். இடையில் சில அளவுகள் விட்டுப்போனால், வளர்ச்சி எந்த நேரத்தில் வேகமெடுத்தது என்று சொல்ல முடியாமல் சோதனை முழுவதும் வீணாகும். புதிதாக வளர்ப்பைத் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். நானோ பேருந்தில் படகுத்துறைக்குப் போய், கடைசிப் படகைப் பிடித்துப் பட்டர்வொர்த் சேர்ந்து, அங்கிருந்து பிறைக்குப் போக வேண்டியவள். வளர்ச்சி வேகமெடுக்கும் வேளையில்தான் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன். 13.5 கிலோமீட்டர் நீளப் பாலத்தைக் கடந்து வாடகைக் காரில் திரும்புவது என் உதவித்தொகையில் மாதத்துக்குச் சில இரவுகள்தான் கட்டுப்படியாகும். என் மேற்பார்வையாளர் நிலைமையைப் புரிந்துகொண்டு பொறுமை காட்டுகிறார். ஆனால் ஆய்வுக்காலம் எனக்காக நீளப்போவதில்லை. நடந்தே வீடு திரும்பும் என் சக மாணவர்கள் ஓரிரவில் முடிப்பதை நான் துண்டு துண்டாகப் பல நாள் செய்துகொண்டிருக்கிறேன். என் இனத்துக்காக மறுக்கப்பட்ட வீட்டின் விலையை நான் என் ஆய்வில் கொடுக்கிறேன் என்பதை நீங்கள் தயவுசெய்து கவனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டத்தின் துணையை நாடலாம் என்றால், நாடுவதற்கு அங்கே எதுவுமில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி இனம், சமயம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் கர்ப்பமுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பு தரும் அந்தப் பாதுகாப்பு அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் எதிரானதே தவிர, தனியாருக்கு இடையிலான விவகாரங்களுக்குப் பொருந்தாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. வாடகையைப் பொறுத்தவரை 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1956-ஆம் ஆண்டின் குடிமையியல் சட்டம், 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு என்று சிதறிக் கிடக்கும் பிரிவுகளில் எதுவும், இனத்தைச் சொல்லி வீடு மறுப்பதைக் குற்றமாகக் கருதவில்லை. அதனால்தான் நான் நீதிமன்றத்துக்குப் போகாமல் உங்களிடம் வருகிறேன். இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது நீங்கள் வரையும் சட்டம் ஒன்றுதான்.

வாடகை என்பது இருவருக்கிடையே உள்ள தனிப்பட்ட ஏற்பாடு, அதில் அரசு தலையிட முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளில் வாழ்ந்தவர்களிடம் அந்த வாதம் எடுபடாது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியே போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை இந்த அரசுதான் பல பத்தாண்டுகள் கட்டுப்படுத்தியது. 1997-இல் அச்சட்டத்தை நீக்கியதும் இதே நாடாளுமன்றம்தான். வாடகை எவ்வளவு என்று சொல்ல முடிந்த சட்டத்தால், இனம் கேட்காதே என்று சொல்லவும் முடியும்.

என் சொந்த வீட்டில் யாரை வைப்பது என்பது என் விருப்பம் என்போருக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டின் நியாய வீடமைப்புச் சட்டம், தானும் குடியிருக்கும் சிறிய கட்டடத்தில் ஓரிரு பகுதிகளை வாடகைக்கு விடும் உரிமையாளருக்குச் சில விலக்குகளைத் தந்தது. ஆனால் விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடும் உரிமையை அவருக்கும் தரவில்லை. பிரிட்டனும் அதே ஆண்டில் வீட்டு வாடகையில் இனப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடுத்தது. நம்மைப்போலப் பல இனத்தவர் கலந்து வாழும் நாடு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த முதற்படியில்கூடக் கால் வைக்காதது வேதனையளிக்கிறது.

உரிமையாளர்களின் அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. வாடகை தராமல் ஏமாற்றியவர்களும் வீட்டைச் சிதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்பதால், ஒருமுறை அடிபட்டவர் அடுத்த முறை அஞ்சுவது இயற்கை. அதற்கு மருந்து விரைவாகத் தீர்ப்பளிக்கும் ஒரு வாடகைத் தீர்ப்பாயம். வருமானச் சான்று கேளுங்கள், முந்தைய வீட்டுக்காரரின் பரிந்துரையைக் கேளுங்கள், புகைபிடிக்கக்கூடாது என்று நிபந்தனை விதியுங்கள். இவையெல்லாம் நடத்தையைப் பற்றியவை, என்னால் நிறைவேற்றக்கூடியவை. இனத்தை நான் எப்படி மாற்றிக் காட்டுவது?

வைப்புத்தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இரண்டு மாத வாடகை பிணையாக, அரை மாதம் நீர், மின்சாரத்துக்காக, ஒரு மாதம் முன்கூட்டியே என்ற வழக்கத்தின்படி, 1,200 ரிங்கிட் வாடகையுள்ள வீட்டுக்குள் காலெடுத்து வைக்க 4,200 ரிங்கிட் வேண்டும். தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்கள் இதற்காக வீட்டு நகையை அடகு வைக்கிறார்கள். படிப்பை முடித்துப் போகும்போது, சுவரில் கறை, குழாயில் கசிவு என்று சொல்லி அத்தொகை பிடித்துக்கொள்ளப்பட்டால் சிறு தொகைக்காக வழக்காட முடியாமல் அழுதுகொண்டே போகிறார்கள். இது என் இன்றைய கோரிக்கையைத் தாண்டிய முறையீடு என்பதை அறிவேன், பொறுத்தருளுங்கள். ஆனால் அதே சட்டத்தில் தீர்க்கப்பட வேண்டியதுதான் இதுவும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இது ஒரு சமூகத்தாரின் குற்றம் அல்ல. எங்கள் ஆய்வகத்தில் பயிலும் நைஜீரிய மாணவர் ஒருவருக்கு முகத்துக்கு நேராக வீடு மறுத்தவர் ஒரு தமிழர். அன்று நான் அந்த மாணவரிடம் தலைகுனிந்து நின்றேன். யார் யாருக்குச் செய்தாலும் தவறே என்று சட்டம் சொல்லாதவரை, ஒவ்வொரு சமூகமும் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி வருந்திக்கொண்டும் தன்னால் பிறருக்கு நேர்ந்ததை நியாயப்படுத்திக்கொண்டும்தான் இருக்கும்.

எனவே அன்புகூர்ந்து மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். வாடகை விளம்பரத்தில் இனம் குறிப்பிடப்படுவதையும் இனத்தைக் காரணமாக்கி வீடு மறுக்கப்படுவதையும் உங்கள் சட்டம் தடை செய்ய வேண்டும். உரிமையாளரோடு நில்லாமல், விளம்பரத்தை வெளியிடும் இணையத்தளங்களையும், சொத்து மதிப்பீட்டாளர், முகவர் தொழிலுக்கான 1981-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற முகவர்களையும் அந்தத் தடை கட்டுப்படுத்த வேண்டும். மறுக்கப்பட்டவர் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்க ஓரிடம் வேண்டும். சட்ட மசோதா எந்தக் கூட்டத்தொடரில் தாக்கல் செய்யப்படும் என்பதையும், இந்தப் பிரிவு அதில் உண்டா இல்லையா என்பதையும் பொதுமக்களுக்கு அறிவிக்குமாறு வேண்டுகிறேன். அடுத்த சேர்க்கைக்கான கடிதங்கள் வரும்போது, கெடாவிலும் பேராக்கிலும் உள்ள பெற்றோர் தங்கள் பிள்ளைகளை இங்கே அனுப்புவதா வேண்டாமா என்று தீர்மானிக்க அந்தப் பதில் தேவைப்படும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பட்டமேற்படிப்பு மாணவி,
பினாங்கு.