கோடு போடும் முன் கூப்பிடுங்கள்

மாநகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் பூங்காத் துறையினருக்கும்,

வணக்கம். மெல்பர்னில் எந்த மன்றம் என்று பெயர் சொல்லி எழுதவில்லை. ஓடைக்கரையில் நீங்கள் போடப்போகும் நடைபாதை என்றாலே உங்களுக்குப் புரியும்.

அந்தக் கரையில் நிற்கும் ரெட் கம், வடு மரம். தமிழ்நாட்டில் தைலமரம் என்று வளர்க்கிறார்களே, அந்த யூகலிப்டஸ் வகைதான். தோணிக்கோ பாத்திரத்துக்கோ வேண்டி, இந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்கள் கற்கோடாரியால் பட்டையை நீள்வட்டமாகக் கொத்தி உரித்த தடம் அது. நடுவில் உள்மரம் வெளுத்துத் தெரியும். சுற்றிலும் பட்டை உதடுபோல் தடித்து, வருடா வருடம் உள்நோக்கி மூடிக்கொண்டு வரும். மின்னல் கிழித்த வடு தாறுமாறாகத் தரைவரை இறங்கும். கையால் உரித்தது பெரும்பாலும் தரைக்கு மேலேயே முடிந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாத ஒப்பந்தக்காரர் 'சொத்தை மரம், ஆபத்து' என்று எழுதிவிட்டுப் போவார். பின்னாலேயே ரம்பம் வரும்.

தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்கினால், அதுவே பாதுகாப்பு வட்டத்தின் ஆரம். ஆஸ்திரேலியத் தரவிதி 4970-இன் 2009 பதிப்பு சொல்லும் கணக்கு இது. இந்த மரத்தின் விட்டம் 1.1 மீட்டர், ஆக, 13.2 மீட்டர். உங்கள் வரைபடத்தில் பாதை 4 மீட்டரில் போகிறது! 300 மில்லிமீட்டர் தோண்டி, ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டினால் மேல்மண்ணில் பரவியிருக்கும் உறிஞ்சுவேர்கள் அறுந்துபோகும். மிஞ்சியவற்றுக்குக் காற்றுப் போகாது. மரம் உடனே சாகாது. உச்சிக் கிளை காய்ந்து, இலை மெலிந்து, சாவதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். அதற்குள் உங்கள் திறப்புவிழாப் படங்கள் பழசாகியிருக்கும்.

வடு மரத்துக்கு அனுமதியில்லாமல் சேதம் விளைவிப்பது விக்டோரியா மாநிலத்தின் 2006-ஆம் ஆண்டுப் பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டப்படி குற்றம். பெயருள்ள ஓடையிலிருந்து 200 மீட்டருக்குள் பெரிய வேலை என்றால் பொதுவாகப் பாரம்பரியத்தைப் பார்த்துத் தொடு என்கின்றன அச்சட்டத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள். தெரியாமல் வரைந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டெண்டர் முடிந்த பிறகுதான் வுருண்ட்ஜெரி மூத்தோரைக் கூப்பிட்டீர்கள். கையில் 90 பக்க அறிக்கை, படிக்கப் பத்து நாள், வேலைநாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். பள்ளி, மருத்துவமனை, ரயில் திட்டம் எல்லாம் தேடி வருவது அதே நாலைந்து பெரியவர்களைத்தான். நடுவில் சமூகத்தில் ஒரு சாவு விழுந்தால் அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். உங்கள் காலண்டரில் அதற்கு இடமே இல்லை. பாதையை எதிர்க்கரைக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றீர்கள். ஆனால் அறிக்கையில் 'மூத்தோருடன் கலந்தாலோசிக்கப்பட்டது' என்ற வரி மட்டும் தவறாமல் ஏறிவிட்டது.

இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1835 ஜூனில் ஜான் பேட்மன் என்ற வெள்ளைக் குடியேறி இம்மக்களின் மூத்தோரிடம் போர்வை, கத்தி, கண்ணாடி, மாவு கொடுத்து ஏறக்குறைய 6 லட்சம் ஏக்கருக்குக் கைநாட்டு வாங்கினார். ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பர்க் அது செல்லாது என்றார். ஏமாற்று வேலை என்பதற்காக அல்ல, நிலம் ஆங்கிலேய அரசருடையது என்பதற்காக! இப்போது போர்வைக்குப் பதில் மே 27 முதல் ஜூன் 3 வரை பூர்வகுடிகளோடு நல்லிணக்க வாரம், கேக், தேநீர். ஆன்ட்டி, அங்கிள் என்று மரியாதையாகக் கூப்பிடவும் பழகிவிட்டீர்கள். எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: கோடு போடும் முன் கூப்பிடுங்கள். வெறும் தாளோடு போங்கள். ஓடைக்கரையில், மரத்தடியில், அவர்கள் சொல்லும் நாளில் உட்காருங்கள். ஆலோசகருக்கு மணிக்கணக்கில் கொடுப்பதுபோல் அவர்கள் நேரத்துக்கும் பணம் கொடுங்கள். வந்துபோக வண்டி அனுப்புங்கள். பாதையை எதிர்க்கரைக்கு மாற்றவே முடியாது என்றால், அந்த 13.2 மீட்டருக்குள் மண்ணைத் தோண்டாமல், திருகி இறக்கும் தூண்கள்மேல் பலகைப்பாதை போட முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள். அதுவரை ரோலரை நிறுத்திவைக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம்.

பதிலை முதலில் மூத்தோருக்கு அனுப்புங்கள். எங்களுக்கு நகல் போதும்.

இப்படிக்கு,
ஓடைக்கரைவாசிகள்