பழைய ஃபைபர் படகுக்கும் ஒரு வழி செய்யுங்கள்: மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கும், கடலோர ஊர்ப் பஞ்சாயத்தார்களுக்கும் வணக்கம்.

நாகை மாவட்டக் கரையில் ஃபைபர் படகு பழுது பார்ப்பது என் தொழில். புதுப் படகும் செய்திருக்கிறேன். ஆனால் இப்போது கைக்கு வருவதெல்லாம் பழைய படகுகள்தான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். புதுப் படகு வாங்குகிறவருக்குக் கொடுக்கும் ஆதரவில் ஒரு பங்கை, இருக்கிற படகைச் சரிசெய்து ஓட்ட நினைக்கிறவருக்கும் கொடுங்கள்.

2004 டிசம்பர் 26க்கு முன்பு எங்கள் கரையில் கட்டுமரம்தான் அதிகம். ஃபைபர் படகு அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. சுனாமி ஒரே காலையில் மரம், வலை, வீடு, ஆள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. தமிழ்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் மாவட்டம். அதற்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். எல்லோருக்கும் உடனே படகு வேண்டும் என்ற நிலையில் படகு செய்யும் யார்டுகள் ஊருக்கு ஊர் முளைத்தன. நல்ல கை இருந்த இடத்தில் நல்ல படகு வந்தது. அவசரத்தில் செய்த இடத்தில் மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பு ஒரு அடுக்கு குறைந்தது, இழையை ஒட்டி இறுக்கும் ரெசின் விலை குறைவானதாக உள்ளே போனது, பிளைவுட் ஓரங்கள் மூடப்படாமலே வெளியே வந்தன. அந்தப் படகுகளுக்கு இப்போது 20 வயது தாண்டிவிட்டது. எங்கள் கரையில் நடந்து பார்த்தால் தெரியும்: சில இன்னும் தொழிலுக்குப் போகின்றன, சில கவிழ்த்துப் போடப்பட்டு வலை பின்னுகிறவர்களுக்கு நிழல் தருகின்றன, சில பாதி மணலுக்குள் கிடக்கின்றன.

கவிழ்த்துப் போட்டிருப்பவற்றில் பலவற்றின் உடம்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனது உள்ளே இருக்கும் மரமும் நுரையும். இது தெரியாமல்தான் பாதிப் படகுகளைக் கழித்துக் கட்டுகிறோம்.

ஃபைபர் மக்காது, துருப்பிடிக்காது, சரி. ஆனால் எஞ்சின் உட்காரும் பின்பக்கத்திலும், குறுக்குப் பலகைகளிலும் வலுவுக்காகப் பிளைவுட்டை வைத்து அதன்மேல் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் போட ஒரு துளை போடுகிறோம். அந்தத் துளையின் உள்பக்கத்தை ரெசின் பூசி அடைக்காமல் விட்டால் அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் ஊறி ஊறிப் புட்டாக உதிரும். எஞ்சின் அதிரும்போது பின்பக்கம் லேசாக ஆடுவது போலத் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வேலைதான். ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துத் தட்டிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகப் பேசும். ஊறிய இடத்தில் சத்தம் அமுங்கிப் போகும்.

என் மாமாவின் படகு அப்படித்தான் வந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தில் கிடைத்த படகு. முன்பெல்லாம் கரையேற்ற எத்தனை பேர் தேவைப்பட்டார்களோ, அதைவிட நான்கு பேர் கூடத் தேவைப்பட்டார்கள். டீசலும் கூடக் குடித்தது. படகுக்கு வயதாகிவிட்டது, தள்ளிவிட்டுக் கடன் வாங்கியாவது புதிது வாங்கு என்று கரையில் எல்லோரும் சொன்னார்கள். நான் தளத்தின் ஓரத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டிப் பார்த்தேன். உள்ளே அடைத்திருந்த நுரையைக் கையால் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. மூழ்காமல் காப்பதற்கென்று வைத்த நுரையே தண்ணீரைக் குடித்துப் படகைக் கனமாக்கிக்கொண்டிருந்தது. படகு கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு மிதக்க அது உதவியிருக்காது. எஞ்சின் பக்கத்துப் பிளைவுட்டை உளியால் தொட்டதும் காபித்தூள் நிறத்தில் ஈரத்தோடு உதிர்ந்தது. ஆனால் அடிப்பாகமும் பக்கங்களும், மணலில் இழுபட்டுத் தேய்ந்த நடு அடியைத் தவிர, கல் போல இருந்தன.

அந்தப் படகில் செய்த வேலையை விளக்கமாகவே சொல்கிறேன். மராமத்து என்றால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

முதலில் ஊறிய நுரை முழுவதையும் எடுத்தோம். கெட்ட பிளைவுட்டை உள்பக்கமாக வெட்டி எடுத்து, வெளித் தோலை அப்படியே விட்டோம். பிறகு படகை நிழலில் காய விட்டோம். காய விடுவதுதான் பாதி வேலை, அதைத்தான் யாரும் செய்ய விடுவதில்லை. ஈரம் இருக்கும்போது மேலே ஃபைபர் போட்டால் ஒட்டாது. ஒட்டியது போல நடிக்கும், இரண்டு சீசனில் தகடு தகடாக உரிந்து வரும்.

அடுத்தது அரைப்பது. இறுகிப்போன பழைய ஃபைபரின் மேல் புது ரெசின் தானாகக் கலந்து ஒன்றாகாது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் பெயின்ட், ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு எல்லாவற்றையும் கிரைண்டரில் எடுத்து, கண்ணாடி இழை தெரியும் வரை போக வேண்டும். விரிசலை ஒட்டுவதாக இருந்தால், விரிசல் இருக்கும் அகலத்துக்கு மட்டும் ஒட்டுப் போடக் கூடாது. தகட்டின் கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக அரைத்து, அந்தச் சரிவில் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கடுக்காக மேட் போட வேண்டும். 6 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டருக்கு மேல் சரிவு வரும். கை அகலத்துக்கு ஃபைபரை அரைத்துத் தள்ளுவதைப் பார்த்து மாமா பதறிப்போனார். நல்ல இடத்தையும் கெடுக்கிறேன் என்று நினைத்தார். விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார்.

புதுப் பிளைவுட்டின் வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றிலும் ரெசின் குடிக்கக் குடிக்கப் பூசி, பிறகுதான் உள்ளே வைத்தோம். போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, ரெசின் கலவையால் முழுதாக அடைத்து, காய்ந்தபின் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தோம். இனி போல்ட் வழியாக ஒரு சொட்டு இறங்கினாலும் அது மரத்தைத் தொடாது. இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. புதுப் படகு செய்யும்போதே செய்திருந்தால் இந்த மராமத்தே வந்திருக்காது. அந்தப் படகைச் செய்த யார்டு எது என்று எனக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் அது இல்லை, பெயர் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

மிதவைக்கு என்ன அடைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விலை குறைவு என்று பலரும் தெர்மாகோலை வைத்து நேராக அதன்மேல் ரெசினை ஊற்றுகிறார்கள். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேலே மூடி இருக்கும், உள்ளே வெறும் குழி. தெர்மாகோல்தான் முடியும் என்றால் அதைக் கெட்டியான பாலித்தீனில் சுற்றியாவது வைக்க வேண்டும். நாங்கள் எளிதில் தண்ணீர் குடிக்காத வகைப் பாலியூரித்தேன் நுரையை வைத்து, அறையைத் தனியாக மூடி, தண்ணீர் புகுந்தால் திறந்துவிட அடியில் ஒரு திருகு மூடியும் வைத்தோம்.

அப்புறம் சில மாற்றங்களும் செய்தோம். பழைய படகைக் கையிலெடுப்பதில் பெரிய லாபமே அதுதான். செய்யும்போது யோசிக்காததை இப்போது யோசிக்கலாம். மணலில் தேயும் நடு அடியில் கூடுதலாக ரோவிங் எனும் தடித்த கண்ணாடி இழைத் துணி அடுக்கு போட்டு, அதன்மேல் தேய்ந்தால் கழற்றி மாற்றும்படி ஒரு பட்டை வைத்தோம். டிராக்டரில் இழுத்துக் கரையேற்றும் ஊர்களில் இது இல்லாவிட்டால் அடி ஓட்டையாவது நிச்சயம். நடுவில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரை வைத்து ஓர் ஐஸ் பெட்டி கட்டினோம். முன்பு தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கரைந்து, மீன் இளகிக் கரைக்கு வந்து, வியாபாரி விலையைக் குறைப்பார். ஐஸ் நின்றால் மீன் நிற்கும்.

எல்லா மாற்றமும் நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வலை வைக்க இடம் வேண்டும் என்று குறுக்குப் பலகையை அறுத்து எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் அலையில் உள்ளே மடங்காமல் பிடித்து வைப்பது அந்தப் பலகைதான். நீண்ட தண்டோடு வரும் லாங் டெயில் எஞ்சினை எடுத்துவிட்டு, பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் மாட்டும்போது பாரம் முழுவதும் பின்கோடிக்குப் போகிறது. பின்பலகையைக் கனப்படுத்தாமல், உயரத்தைக் கூட்டாமல் மாட்டினால் அணியம் (முன்பக்கம்) தூக்கி, பின்னால் அலை ஏறும். இதையெல்லாம் எங்களிடம் கேட்டுச் செய்யுங்கள் என்றால் கேட்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். சொல்வதற்கு ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள் இல்லை, அதுதான் குறை.

அமெரிக்காவில் 1958இல் விற்பனைக்கு வந்த பாஸ்டன் வேலர் என்ற 13 அடி ஃபைபர் படகின் பழைய மாடல்களை இன்றும் வாங்கி, பின்பலகை மாற்றி, நுரை காய வைத்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அலையோடு மல்லுக்கட்டிப் பிழைப்பு நடத்துகிற நம் படகுகள் அவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 20 வருடத்தோடு முடிந்தது என்று எழுதிவிடவும் காரணம் இல்லை.

சரி, துறைக்கு வருகிறேன். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்கள் பழைய படகுக்குப் பதில் புதிது வாங்க, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் 60 சதவீதமும் மானியம் வைத்திருக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் மீதிப் பணத்தைப் புரட்டுவதற்குள் வட்டிக்காரரிடம் போகாத குடும்பம் எங்கள் கரையில் குறைவு. என் கரையில் மராமத்துக்கென்று மானியம் வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை. புதுப் படகுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதி இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும் ஒரு பழைய படகை மறுபடியும் நம்பிக் கடலுக்கு அனுப்பலாம். அந்தச் சிறு பகுதிக்கு ஒரு வழி செய்யுங்கள். மராமத்து சரியாக நடந்ததா என்று பார்க்க, வேலை நடக்கும்போதே, மூடுவதற்கு முன்பு, ஒரு முறை வந்து பாருங்கள். பெயின்ட் அடித்தபின் வந்தால் எதுவும் தெரியாது.

ஆண்டுதோறும் படகு ஆய்வுக்கு வருகிறீர்கள். பதிவுச் சான்று, எண், எஞ்சின் எல்லாம் பார்க்கிறீர்கள். அன்றைக்கே கையில் ஒரு சுத்தியலும் ஈரமானியும் இருக்கட்டும். பின்பலகையையும் மிதவை அறையையும் தட்டிப் பார்த்து, ஊறியிருந்தால் அந்தப் படகுக்காரரிடம் சொல்லுங்கள். பதிவை ரத்து செய்வதற்காக இல்லை. அப்படி ஒரு பயம் வந்துவிட்டால் எல்லோரும் பட்டி பூசி மறைத்துவிடுவார்கள். எந்தப் படகுக்கு மராமத்து உதவி முதலில் போக வேண்டும் என்ற பட்டியல் அந்த ஆய்விலிருந்தே கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு வெளியே தேட வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகமும் அதன் மீன்வளப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. கடற்கரையிறங்கு ஃபைபர் படகு கட்டுவதற்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு பயிற்சிக் கையேடே போட்டிருக்கிறது. எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, அந்தக் கல்லூரி வளாகத்தில் பழைய படகு ஒன்றை வைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மாணவர்களும் வரட்டும், கரையில் கிரைண்டர் பிடிக்கும் பையன்களும் வரட்டும். அந்தப் பையன்கள் இன்றைக்கு முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடித் தூளுக்கு நடுவில் நிற்கிறார்கள். இரவு முழுக்க உடம்பு அரிப்பது ஒரு பக்கம், நுரையீரலுக்குள் என்ன போகிறது என்பது இன்னொரு பக்கம். நல்ல முகக்கவசத்தையும் பயிற்சியோடு சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக, உண்மையிலேயே முடிந்துபோன படகுகள். அடி பிளந்து, மோல்டு எனும் அச்சிலிருந்து வந்த வடிவமே போன படகை எந்த மராமத்தாலும் காப்பாற்ற முடியாது. இறுகிய ஃபைபரை உருக்கி மறுபடி பயன்படுத்த வழியில்லை. எரித்தால் வரும் புகை ஊருக்கே கேடு. இப்போது யாருக்கும் தெரியாமல் இரவில் எரிக்கிறார்கள், அல்லது முகத்துவாரத்தில் தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு இறங்குதளத்திலும் அவற்றை ஒப்படைக்க ஓர் இடம் ஒதுக்கி, எடுத்துப் போகும் பொறுப்பைத் துறையே ஏற்க வேண்டும். அங்கே வரும் படகுகளை வெட்டுவதற்கு முன் எங்களை ஒரு முறை பார்க்க விடுங்கள். எங்களுக்குத் தேவையான கொக்கியும் கம்பியும் அதில் கிடைக்கும், சில சமயம் முழுப் படகே கிடைக்கும்.

அடுத்த ஆய்வுக்கு எங்கள் கரைக்கு வரும்போது ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி வாருங்கள். வெட்டித் திறந்த படகு ஒன்று எப்போதும் என் கொட்டகையில் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் பஞ்சாயத்தாருக்கும் நேரிலேயே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நாகை மாவட்டக் கரையிலிருந்து
ஒரு ஃபைபர் படகு மெக்கானிக்