இயர்போன் மாட்டிக்கொண்டு கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன் இதை வாசித்துக் காட்ட நீ கேட்பதற்கு முன்னால் காதில் ஒயரை மாட்டிக்கொள். ஸ்பீக்கரில் போடாதே. அப்பா எழுதியதை ரூமில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கேட்க வேண்டாம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ஆச்சி உன்னைக் கேட்டார்கள். எனக்குச் சர்க்கரை 180-இல் நிற்கிறது. டாக்டர் திட்டவில்லை, அதுவே பெரிசு.

பொங்கலுக்கு நீ வந்தபோது பஸ்ஸிலிருந்து உன் பையை நான்தான் இறக்கினேன். கனமே இல்லை. பிரெய்ல் மெஷின் எங்கேம்மா என்றேன். ஆபீசில் இருக்குப்பா என்றாய். சரி என்று விட்டுவிட்டேன். மூன்று நாளும் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தாய், இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பினாய். முன்பு அப்படி இல்லை. கம்ப்யூட்டரில் இருப்பதைப் புள்ளி எழுத்தாக எழுப்பிக் காட்டுகிற அந்த மெஷினை மடியில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே, அடுப்படியில் நடக்கிற பேச்சுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய்.

தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவனைத் திட்டாதே.

நான் பொதுவாகத்தான் எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, அதற்கு விதிகள் 2017-இல் வந்தன. அதில் எட்டாவது விதியைப் படித்தாயா? 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற தனியார் கம்பெனியாக இருந்தால், சம வாய்ப்புக் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கு என்ன ஏற்பாடு என்று எழுதியிருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் கேன்டீனில் மட்டுமே 20 பேர் இருப்பார்களே! அந்தக் கொள்கையின் நகலைக் கேள். வாயால் கேட்காதே, மெயிலில் கேள். முப்பத்துநாலு வருடம் தபால் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். வாயால் கேட்டதற்கு ரசீது கிடையாது.

பக்கத்து சீட்டுப் பையன் மானிட்டரைச் சொந்தக் காசு போட்டா வாங்கினான்? அவனுக்கு மானிட்டர் எப்படியோ அப்படித்தான் உனக்கு இந்த மெஷின். நீ என்னடாவென்றால் 28 மாதம் தவணை கட்டி நீயே வாங்கி, ஆபீஸ் வேலைக்கு ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு போனாய். கோவில்பட்டியில் இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது.

என்.வி.டி.ஏ. சாஃப்ட்வேர் திரையில் இருப்பதை இலவசமாகவே வாசித்துக் காட்டுகிறதே, குரல் போதாதா என்று உன் மேனேஜர் கேட்டால், நீ எனக்குச் சொன்னதை அப்படியே எழுது. ஒரு காதில் போனில் ஆள் பேச, இன்னொரு காதில் கம்ப்யூட்டர் ஓட்டமாக வாசிக்க, நடுவில் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வேகத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகத்தான் காதில் விழும். விரலுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. அந்த இன்வாய்ஸ் தப்பு உன் தப்பே இல்லை.

சரி, தம்பி சொன்னான்தான். மெஷினில் ஊசி இறங்கிப்போய்ப் பாதி எழுத்து தப்பாக வருகிறது, நீ அதை ரூம் அலமாரியில் வைத்துவிட்டாய், ஆபீசில் கேட்டதற்கு பட்ஜெட் இல்லை என்றார்கள். எல்லாம் சொன்னான். நீதான் சொல்லவில்லை. வாரா வாரம் போனில் "நல்லா இருக்கேன்பா." நான் என்ன மூன்றாம் மனுசனா?

ஆர்பிட் ரீடர் 20 என்கிற பிரெய்ல் மெஷின் விலை குறைவு என்று அவன் சொல்கிறான். அதில் 20 எழுத்துதான், கர்சரைக் கொண்டுபோய் வைக்கிற பொத்தான் இல்லை, ஊசி ஏறி இறங்குகிற சத்தமும் கேட்கும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய். 40 எழுத்தே பாதி வரிதான் என்பவளுக்கு 20 எப்படிப் போதும்? அதனால் மெயிலில் கேள். தேதி போட்டுக் கேள். பதில் வராவிட்டால் பத்து நாளில் இன்னொன்று.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். கம்பெனி கம்பெனி என்றே எழுதியிருக்கிறேன்.

பாப்பா, அதைக் கெடுத்தது நான்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி. நீ தூங்கிவிட்டாய். நான் டப்பாவிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன், அதுவே திருட்டு. மேஜையில் உன் மெஷின் அணையாமல் இருந்தது, புள்ளிகள் மேலே நின்றன. என் விரலுக்கு ஏதாவது பிடிபடுகிறதா பார்ப்போம் என்று கட்டைவிரலை வைத்து ஓட்டினேன். மணல் மாதிரி இருந்தது. அழுத்திப் பார்த்தேன். வெல்லப்பாகு பிசுபிசுத்த விரல். இரண்டு புள்ளி உள்ளே போனது, எழும்பவில்லை. பயந்துபோய் ஈரத்துண்டால் துடைத்தேன், இன்னும் இரண்டு போயிற்று. எழுத்துக்கு எட்டு, மொத்தம் 320 ஊசி, ஒவ்வொன்றின் கீழேயும் கரண்டுக்கு வளைகிற ஒரு பட்டை, அதனால்தான்பா லட்சக்கணக்கில் விலை என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது என்றும் நீ சொல்லியிருந்தாய்.

காலையில் "யாராவது தொட்டீங்களா?" என்றாய். ஆச்சி வீட்டுப் பேரன் வந்தான் என்றேன். ஆறு வயதுப் பையன் மேல் பழியைப் போட்டேன்.

எதற்குத் தொட்டேன் என்று கேட்பாய். உன் அம்மா பிரெய்லைக் கற்றுக்கொண்டாள், நான் கற்றுக்கொள்ளவில்லை. நேரமில்லை என்றேன். பள்ளி ஹாஸ்டலுக்கு அவள் ஊசியால் குத்தி எழுதிய கடிதங்களை என் கவுண்டரில்தான் கொண்டுவந்து கொடுப்பாள். பிளைண்ட் லிட்டரேச்சர் என்று மேலே எழுதி, ஒட்டாமல் திறந்தபடி வைத்தால் ஸ்டாம்ப் வேண்டாம். நான் எடை பார்ப்பேன், முத்திரை குத்துவேன். பிரித்துப் பார்க்க எனக்கு அதிகாரம் இருந்தது, படிக்கத்தான் தெரியவில்லை. விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் வைத்துப் படிப்பேன் என்று நீ சொல்வாய், அவள் சிரிப்பாள். அவள் என்னைப் பற்றி உனக்கு என்ன எழுதினாள் என்று இன்றுவரை தெரியாது. அவள் போன பிறகு கேட்கவும் வாய் வரவில்லை.

ரிப்பேருக்கு எவ்வளவு சொன்னார்கள்? மார்ச்சில் எனக்குத் தபால் ஆபீஸ் எம்.ஐ.எஸ். டெபாசிட் ஒன்று முதிர்கிறது. வேண்டாம் என்று சொல்லாதே. ஆனாலும் அந்த மெயிலை அனுப்பு. கெடுத்தது அப்பா என்று அதில் எழுத வேண்டியதில்லை.

அம்மா பிரெய்ல் குத்துகிற சட்டத்தையும் ஊசியையும் பீரோவிலிருந்து எடுத்தேன். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டுமாமே, நான்கு தாள் வீணானது. ஒரு வரி எழுதி நாளைக் காலைத் தபாலில் போடுகிறேன், ஸ்டாம்ப் ஒட்டவில்லை. 'தொட்டது' என்பதில் ஒரு ட் விட்டுப்போய், பிறகு நகத்தால் புள்ளிகளைத் தேய்த்து அமுக்கிவிட்டுப் பக்கத்தில் குத்தினேன். தேய்த்தது முழுதாகப் போகவில்லை, உன் விரலுக்குத் தட்டும்.

அப்பா