ஃபோன் காட்டும் நேரம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். உபஜில்லா (துணை மாவட்ட) விளையாட்டுப் போட்டி முடிந்த மாலை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்பைக்ஸ் ஷூவைக் கையில் பிடித்தபடி என் அறை வாசலில் அழுதுகொண்டு நின்றாள். நூறு மீட்டரில் 14.3 விநாடி. "அப்பா ஃபோன்ல 13.1 வந்துச்சு சார், எனக்கு என்ன ஆச்சு?" என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் அளந்ததுதான் தப்பு.

மறுநாள் காலை பி.டி. சாரும் நானும் டேப் பிடித்தோம். அவள் அப்பா நேரம் பார்த்த நம் பள்ளி மைதானத்தில், நூறு மீட்டர் என்று போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு 96 மீட்டரில் இருந்தது. இது பள்ளியின் பிழை, வருந்துகிறேன். அவள் வேகத்துக்கு அந்த நாலு மீட்டரே அரை விநாடிக்கு மேல். மீதியில் பெரும்பகுதி ஃபோனைப் பிடித்த விதத்தில் போயிருக்கிறது. அப்பா முடிவுக் கோட்டில் நின்று, விசில் கேட்டதும் ஃபோனில் ஸ்டாப்வாட்ச் ஆப்பை அழுத்தியிருக்கிறார். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். விசில் அவர் காதுக்கு வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 விநாடி, கேட்டு விரல் அசைய இன்னும் 0.2. அதற்குள் பிள்ளை ஓடத் தொடங்கிவிட்டாள். துப்பாக்கி வெடித்துத் தொடங்கும் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர்கள் சத்தத்துக்குக் காத்திராமல் புகையைப் பார்த்து அழுத்துவது இதனால்தான். நாமும் இனி தொடக்கத்தில் வெள்ளைத் துண்டை உயர்த்தி இறக்குவோம். கண்ணால் பார்த்து அழுத்துங்கள். விரலின் தாமதம் அப்போதும் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பிடித்தால் பிள்ளையின் முன்னேற்றம் சரியாகத் தெரியும்.

அப்புறம் நம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகில் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று தள்ளினால் நூறு மீட்டர் நேரத்தைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆடியில் மேற்குக் காற்று முதுகில் தள்ளக் கிழக்கே பார்த்து ஓடிய நேரத்தை, அதே ஆடியில் மேற்கே பார்த்து ஓடிய நேரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

குதிக்கும் உயரத்தை வீடியோவில் அளக்கும் ஆப்புகள், கால் தரையில் இல்லாத நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அரை விநாடி என்றால் சுமார் 31 செ.மீ. சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படங்கள். ஒரு படம் தவறினாலே அது 35 ஆகிவிடும். 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷனில் பிசகு அரை செ.மீ.தான். ஆனால் பிள்ளை முழங்காலை மடக்கி இறங்கினால் எந்த ஃபோனும் கூட்டித்தான் காட்டும். ஜி.பி.எஸ்.ஸை நம்பி மைதானத்தை அளக்கவும் வேண்டாம். திறந்த வெளியிலும் சில மீட்டர் பிசகும்.

இதற்காகப் புது ஃபோன் வாங்காதீர்கள். உங்கள் பிள்ளையின் நேரத்தை ஒரு நோட்டில், தேதியும் காற்றின் திசையும் சேர்த்து எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். அன்று வாசலில் நின்ற முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் புதுக் கோட்டில் ஓட்டம். முடிந்தவர்கள் வாருங்கள். அந்த மாணவியும் ஓடுகிறாள். துண்டு பிடிக்க அவளுடைய அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்